விரியாத விரல்கள்

சோற்றைப் பிசைந்து உருட்டி வாயிலிடுகிறோம். சட்டைப் பொத்தானை மாட்டுகிறோம். பேனாவின் மூடியைக் கழற்றுகிறோம். இவற்றைச் செய்யும்போது கை என்று ஒன்று இருப்பதாகவே நமக்கு நினைவு வருவதில்லை. ஆனால் பொத்தான் மாட்டும் அந்த ஒரு நொடியில் நடப்பது சாமானியமான காரியமன்று. தோள் ஆடாமல் நிற்க வேண்டும். முழங்கை வேண்டிய அளவே மடங்க வேண்டும். மணிக்கட்டு சற்றுப் பின்னோக்கி நிமிர வேண்டும். கட்டைவிரல் உள்ளங்கையை விட்டு வெளியே வந்து ஆள்காட்டி விரலை எதிர்கொள்ள வேண்டும். அதே சமயம் மற்றொரு கை துணியை இழுத்துப் பிடித்துக்கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. அந்த உத்தரவு சரியாக வந்து சேராத குழந்தைகளைப் பற்றியும், அவர்களுடைய கைக்கு இன்று என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் சொல்ல முற்படுகிறேன்.

மருத்துவம் படிக்காத மாணவருக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். விடுமுறைக்கு ஊர் போகும் நம்மில் பலருக்கு ஓர் அனுபவம் உண்டு. "நீதான் வடக்கே போய்ப் பெரிய படிப்புப் படிக்கிறாயே, இந்தக் குழந்தையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லப்பா" என்று அத்தையோ அடுத்த வீட்டு அக்காவோ கேட்பார்கள். நாம் படிப்பது பொறியியலா பொருளாதாரமா என்பது அவர்களுக்குப் பொருட்டன்று. அப்போது நாம் சொல்லும் சொல்லைக் கேட்டு அந்தக் குடும்பம் சரியான இடத்துக்கும் போகலாம். நகையை விற்று வீணான இடத்துக்கும் போகலாம்.

மூளை முடக்குவாதம் என்று இன்று தமிழில் வழங்கும் இந்நிலையை ஆங்கிலத்தில் செரிப்ரல் பால்சி என்பர். குழந்தை கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்துக்குள்ளாகவோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்படும் சேதமே இதற்குக் காரணம். உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது வருகிறது. சேதம் ஒரு முறை நிகழ்ந்து நின்றுவிடுகிறது, பிறகு பெருகுவதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறதல்லவா? அந்த வளர்ச்சியில்தான் சேதத்தின் விளைவுகள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே போகின்றன.

"வாதம்" என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் இளம்பிள்ளை வாதத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ, ஒரு கிருமியால் வருவது. அதில் தண்டுவடத்தின் நரம்பணுக்கள் அழிந்து தசை தொளதொளத்துப் போகும். தடுப்பு மருந்தின் பயனாக 2014-ஆம் ஆண்டு இந்தியா போலியோ அற்ற நாடு என்று சான்று பெற்றது. மூளை முடக்குவாதத்துக்கு அப்படி ஒரு தடுப்பு மருந்து கிடையாது. இதில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தசை தளர்வதற்குப் பதில் இறுகுகிறது. ஐந்து குழந்தைகளில் நால்வர் இந்த இறுக்க வகையினரே. சிலருக்கு உடலின் ஒரு பக்கத்துக் கையும் காலும் மட்டும். சிலருக்கு இரு கால்கள் அதிகமாக, கைகள் குறைவாக. சிலருக்கு நான்கு உறுப்புகளும். ஒரு பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் காலைவிடக் கையே அதிகமாகத் துன்பப்படுவது வழக்கம்.

இதனை முதன்முதலில் விரிவாக எழுதியவர் வில்லியம் ஜான் லிட்டில் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர். சிறு வயதில் நோயுற்றுத் தம் பாதமே வளைந்துபோன மனிதர் அவர். ஜெர்மனிக்குச் சென்று ஸ்ட்ரோமேயர் என்பவரிடம் 1836-ல் அறுவை செய்துகொண்டு நேராக நடந்து திரும்பினார். பிறகு அதையே தம் தொழிலாக்கிக்கொண்டார். 1861-ல் லண்டன் மகப்பேற்று மருத்துவர் சங்கத்தின் முன் அவர் படித்த கட்டுரையில், கடினமான பிரசவமும் பிறந்தவுடன் மூச்சுத் திணறலும் குழந்தையின் கைகால் இறுக்கத்துக்குக் காரணம் என்றார். நெடுங்காலம் இதற்கு "லிட்டில் நோய்" என்றே பெயர். அதை மறுத்தவர் யார் தெரியுமா? மனத்தை ஆராய்ந்த அதே சிக்மண்ட் பிராய்டு. அக்காலத்தில் அவர் நரம்பு மருத்துவர். 1897-ல் வெளியிட்ட நூலில், கடினமான பிரசவமே கருவில் முன்னமே நேர்ந்த கோளாற்றின் அறிகுறியாக இருக்கலாம் என்று எழுதினார். அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடைக்க ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. பிரசவத்தின்போது மூச்சு முட்டுவதால் வருபவை ஒரு பங்கே; குறைமாதப் பிறப்பு, கருவிலேயே மூளைக்கு இரத்தம் தடைப்படுதல், தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை என்று காரணங்கள் பல. இந்தச் சரித்திரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், இன்னும் நம் வீடுகளில் "பிரசவத்தில் நீ சரியாக முக்கவில்லை, அதனால்தான்" என்று பெற்றவளைக் குற்றம் சொல்கிற வழக்கம் போகவில்லை.

இனி இறுக்கம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சுத்தியால் தட்டினால் கால் தானாக உதைக்கிறது. தசைக்குள் கதிர் போன்ற வடிவில் நுண்ணிய உறுப்புகள் புதைந்திருக்கின்றன. தசை நீட்டப்பட்டால் அவை உடனே தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். "சுருங்கு" என்று தண்டுவடம் அதே தசைக்குப் பதில் உத்தரவு அனுப்பும். மூளையைக் கேட்காமலே நடக்கும் அனிச்சைச் செயல் இது. ஆரோக்கியமான உடலில் மூளை மேலிருந்து இந்த அனிச்சைச் செயலை ஓயாமல் அடக்கி வைத்திருக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதை சேதப்பட்டால் அடக்குவார் இல்லாமல் போய்விடுகிறது. அதனால் தசையைச் சிறிது நீட்டினாலும் அது வெடுக்கென்று சுருங்குகிறது. வலப் பக்கத்து மூளையின் நரம்புகள் முகுளத்தில் குறுக்கே கடந்து இடப் பக்க உடலுக்குச் செல்வதால், மூளையின் வலப்புறச் சேதம் இடக்கையில் தெரியும்.

இந்த இறுக்கத்துக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. வேகத்தைக் கண்டால் அது பொங்கும். ஜேம்ஸ் லான்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1980-ல் தந்த இலக்கணம் இதையே அடிப்படையாகக் கொண்டது. குழந்தையின் முழங்கையை மெல்ல, மிக மெல்ல நீட்டிப் பாருங்கள், நீளும். அதே கையைச் சட்டென்று இழுங்கள். பாதி வழியில் பூட்டுப் போட்டாற்போல் நின்றுவிடும். பயிற்சி மருத்துவர்கள் இவ்விரண்டு வேகத்திலும் கையை நீட்டிப் பார்த்து, எங்கே "பூட்டு" விழுகிறது, எங்கே முற்றிலும் முடிகிறது என்று இரண்டு கோணங்களையும் குறித்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் இடையே வெளி அதிகமாக இருந்தால் அது நரம்பினால் வரும் இறுக்கம். வெளியே இல்லாவிட்டால், தசையே குறுகிவிட்டது என்று பொருள். முன்னதற்கு ஒரு வைத்தியம், பின்னதற்கு வேறு வைத்தியம். இந்த வேறுபாட்டை அறியாமல் தொடங்கும் சிகிச்சை இருட்டில் கல்லெறிவதே.

தசை ஏன் குறுகுகிறது? எலும்பு நாளுக்கு நாள் நீள்கிறது. தசை தானும் நீள வேண்டுமானால் அது ஓடியாடி நீண்டு சுருங்கிப் பழக வேண்டும். எப்போதும் மடங்கியே கிடக்கும் தசை எலும்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. இப்படி வருடங்கள் கழிந்தால், தோள் உடலோடு ஒட்டி உட்புறம் திரும்பி, முழங்கை மடங்கி, உள்ளங்கை தரையைப் பார்த்துக் கவிழ்ந்து, மணிக்கட்டு தொங்கி, கட்டைவிரல் மற்ற விரல்களுக்குள் சிறைப்பட்டுப்போகிறது. பேருந்து நிலையத்தில் எங்கேனும் நாம் ஒரு முறையாவது பார்த்திருக்கக்கூடிய தோற்றம் இது.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் இறுக்கம்தான் முழுப் பகைவன் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் பின்னே இன்னும் இரண்டு ஒளிந்திருக்கின்றன. ஒன்று பலக்குறைவு, இறுகியிருக்கும் தசை பலமான தசை அன்று. மற்றொன்று, ஒரு விரலை மட்டும் தனித்து அசைக்க இயலாமை. முரட்டுக் காளையைக் கட்டிப்போட்டுவிட்டால் வயல் உழுததாகிவிடாது. இறுக்கத்தை அடக்குவதும் அப்படித்தான். அடக்கிய பிறகு கை ஒரு வேலையைக் கற்றாக வேண்டும்.

இங்கேதான் கடந்த முப்பது ஆண்டுகளில் இத்துறையின் போக்கே மாறியிருக்கிறது.

பழைய முறை என்ன? குழந்தையைப் பாயில் கிடத்தி, பயிற்சியாளர் கையைப் பிடித்து நீட்டுவார், மடக்குவார், விரல்களைப் பிரிப்பார். குழந்தை கத்தும். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் நாளுக்கு மூன்று வேளை அவ்வாறே செய்வாள். இன்றும் நம் நாட்டில் பல இடங்களில் "பிசியோதெரபி" என்றால் இதுவே. 2017-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, நரம்பு நோயாளர் உட்படப் பலருக்கும் தசையை நீட்டிப் பார்த்த ஏறத்தாழ 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. அதில் கண்டது யாதெனில், ஏழு மாதம் வரை செய்த நீட்டல்களால் மூட்டு அசையும் அளவில் கிடைத்த இலாபம் 2 பாகை அளவே. இரண்டு பாகை என்பது கடிகாரத்தில் நிமிட முள் இருபது விநாடியில் நகரும் தூரம்.

அப்படியானால் நீட்டவே கூடாதா? மெதுவாக, வலியின்றி, குளிப்பாட்டும்போதும் சட்டை மாட்டும்போதும் கையை அதன் முழு அளவுக்குக் கொண்டுபோவது நல்லது. அக்குளும் உள்ளங்கையும் புண்ணாகாமல் சுத்தமாக இருக்கும். குளிர், அழுகை, அச்சம், மலச்சிக்கல், எங்கோ ஒரு வலி இவையெல்லாம் இறுக்கத்தைக் கூட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே அழ அழ இழுப்பது, நெருப்பை நெய்யால் அணைக்கும் காரியம். நம் பாட்டிமார் எண்ணெய் தடவி நீவுவது இந்த வகையில் குழந்தைக்குச் சுகம் தரும். தாய்க்கும் சேய்க்கும் நெருக்கம் உண்டாகும். அதற்கு மேல் மூளையின் சேதத்தை எண்ணெய் ஆற்றும் என்று எவரேனும் பணம் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

பயிற்சி முறைகளில் மிகப் புகழ்பெற்றது பெர்டா போபத், காரல் போபத் என்ற தம்பதியர் லண்டனில் 1940-களில் தொடங்கிய முறை. பயிற்சியாளர் தம் கைகளால் குழந்தையின் உடலைத் தாங்கித் திருப்பி, தவறான அசைவை அடக்கி, சரியான அசைவை "உணர"ச் செய்வது அதன் சாரம். படுக்கையில் கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தைகளை மனிதராக மதித்துத் தொட்டவர்கள் அவர்கள்; அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. எனினும் அம்முறையின் மூல வடிவத்தால் குழந்தையின் கைத்திறன் கூடுகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பலத்துக்கான பயிற்சி கொடுத்தால் இறுக்கம் கூடும் என்ற பழைய அச்சமும் பொய்த்துவிட்டது. அசைவைக் குழந்தைக்காகப் பிறர் செய்வதால் மூளை கற்பதில்லை; குழந்தை தானே விரும்பி, தானே முயன்று, தவறி, மீண்டும் முயன்றால்தான் கற்கிறது. நீந்தக் கற்ற எவருக்கும் இதில் வியப்பு இராது.

நல்ல கையைக் கட்டுதல்

எட்வர்டு டாப் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் குரங்குகளை வைத்து நடத்திய ஆராய்ச்சியில் ஒன்றைக் கண்டார். ஒரு கையின் உணர்வு நரம்புகளை வெட்டிவிட்டால் குரங்கு அக்கையைப் பயன்படுத்துவதை விட்டுவிடுகிறது. அசைக்கும் நரம்புகள் அப்படியே இருந்தும் பயன்படுத்துவதில்லை! நல்ல கையைக் கட்டிப்போட்டால், வேறு வழியின்றி, கெட்ட கையால் உணவை எடுக்கத் தொடங்குகிறது. அதாவது இயலாமையின் ஒரு பகுதி, "பயன்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டது". பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும் பின்னர் குழந்தைகளுக்கும் இதனைப் பயன்படுத்தினார்கள். குழந்தையின் நிலை இன்னும் நுட்பமானது. பெரியவர் ஒரு காலத்தில் பயன்படுத்திய கையை மறக்கிறார். இக்குழந்தைக்கோ அந்தக் கை தன்னுடையது என்றே அறிமுகம் ஆகவில்லை.

ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தையின் நல்ல கைக்கு மென்மையான கையுறையோ தூளியோ மாட்டி, நாளுக்குச் சில மணி நேரம், சில வாரங்கள், பலவீனக் கையால் விளையாட விடுவது இம்முறை. கையை மூடி வைத்தால் மட்டும் போதாது. அந்நேரம் முழுவதும் படிப்படியாகக் கடினமாகும் விளையாட்டுகள் வேண்டும். பெரிய பந்தைத் தள்ளுவதில் தொடங்கி, டப்பாவில் சோழியைப் போடுவது வரை கொண்டுபோகிறார்கள். 2019-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 36 சோதனைகளை ஆராய்ந்து, சிறிதளவு பயிற்சி மட்டும் பெற்ற குழந்தைகளைவிட இம்முறையில் பயின்றவர்கள் முன்னேறினார்கள் என்றது. அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. இரு கைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் பயிற்சியை அதே அளவு நேரம் கொடுத்தால், பலன் ஏறக்குறைய சமமே.

ஒரு விஷயத்தை இங்கே நம்மவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வலக்கை பாதிக்கப்பட்ட குழந்தை இடக்கையால் உண்ணும்; இடக்கையால் கொடுக்கும், வாங்கும். "பீச்சைக் கையால் வாங்காதே" என்று அதன் மேல் அடி விழுகிறது. இப்படி அடித்து வலக்கையைப் பயன்படுத்தச் செய்வதும் மேற்சொன்ன முறையும் ஒன்றென்று சிலர் வாதிக்கக் கேட்டிருக்கிறேன். பசியோடு தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பலவீனக் கையால் உண்ணச் சொல்வது பயிற்சி ஆகாது, அது தண்டனை. உணவு வேளை வேறு. விளையாட்டு வேளை வேறு.

உண்மையில் வாழ்க்கையில் பெரும்பாலான வேலைகள் இரு கை வேலைகளே. ஒரு கை தொழிலாளி, மற்றது உதவியாள். விடுதியில் முதல் வாரம் ஒரே கையால் சப்பாத்தியைப் பிய்க்கத் தெரியாமல் நாம் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள்! பாதிக்கப்பட்ட கை கையெழுத்துப் போடாவிட்டால் குற்றமில்லை. தாளை நகராமல் அழுத்திப் பிடித்தால் அது உத்தியோகம் பெற்ற கைதான். ஆகவே நல்ல பயிற்சியாளர் முதலில் கேட்கும் கேள்வி, "இந்தக் குழந்தைக்கு எந்த வேலை செய்ய ஆசை?" என்பதே. பதில் குழந்தையிடமிருந்து வர வேண்டும். சைக்கிள் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும் என்று ஒருவன் சொல்வான். தலையைத் தானே பின்னிக்கொள்ள வேண்டும் என்று ஒருத்தி சொல்வாள். அந்த வேலையையே, அதே சைக்கிளில், அதே சீப்பை வைத்து, முழுமையாகப் பழக வேண்டும். துண்டு துண்டாக "விரல் பயிற்சி" என்று செய்வது வேலைக்கு உதவுவதில்லை.

நம் வீட்டில் இதற்கு வேண்டிய சாமான்களுக்குக் குறைவில்லை. வேர்க்கடலை உரித்தல், அவரைக்காய் ஆய்தல், டப்பா மூடி திறத்தல், பாட்டி கண்டெடுக்கும் பூவை நூலில் பிடித்துக்கொடுத்தல், சப்பாத்தி மாவை இரு கையாலும் உருட்டுதல் எல்லாம் இரு கைப் பயிற்சிகளே. இக்குழந்தைகளுக்கு மிகக் கடினமான அசைவு, கவிழ்ந்த உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புவது. கோயிலில் தீர்த்தம் வாங்க அந்த அசைவு வேண்டும். கடையில் சில்லறை வாங்க வேண்டும். பல்லாங்குழியைப் பாருங்கள்: ஒரு கை முத்துகளை ஏந்தி நிற்கிறது, மற்றது ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறது. ஏந்தும் கையாகப் பலவீனக் கையை வைத்தால், ஆட்டத்தில் வெல்லும் ஆசையே உள்ளங்கையைத் திருப்பிவிடும். எதிரே உட்கார்ந்து ஆட ஓர் அண்ணனோ அக்காளோ இருந்தால் போதும். விடுமுறையில் நமக்குத்தான் பொழுது இருக்கிறதே.

எவ்வளவு நேரம் பழக வேண்டும்? கை முழுவதும் திறன் கூடுவதற்கு, ஒரு தொகுதியில் 30 முதல் 40 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது ஆய்வுகளின் கணக்கு; ஓரிரு குறிப்பிட்ட வேலைகளுக்கு அதில் பாதியும் போதலாம். வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் 40 மணி நேரம் சேர ஒன்றரை ஆண்டு ஆகும். வீட்டில் நாளுக்கு ஒரு மணி நேரம் விளையாடினால் ஆறு வாரம். எனவே வீட்டுப் பயிற்சியே பிரதானம். பயிற்சியாளரின் வேலை அதை வகுத்துக் கொடுத்து, மேற்பார்த்து, மாற்றிக் கொடுப்பது. ஆனால் தாயொருத்தியின் தலையில் மட்டும் இதைச் சுமத்திவிட்டு மற்றவர் தினசரி படித்துக்கொண்டிருப்பது நியாயமன்று.

ஊசியும் கத்தியும்

இறுக்கம் மிகுந்து பயிற்சிக்கே இடையூறாக இருந்தால் பாட்டுலினம் நச்சு என்னும் மருந்தைக் குறிப்பிட்ட தசைகளில் ஊசியாக இடுகிறார்கள். கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு கிருமியின் கொடிய நஞ்சுதான் அது. மிக நுண்ணிய அளவில் மருந்தாகிறது. நரம்பு தசைக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தும் இரசாயனத்தை அது தடுத்துவிடுகிறது. சில நாட்களில் தசை தளரும். மூன்று நான்கு மாதங்களில் பலன் தேய்ந்துபோகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019-ல் குழந்தைகளின் கை இறுக்கத்துக்கு இதனை அனுமதித்தது. இதன் விலை மலிவன்று. ஆதலால், இதைப் பற்றித் திட்டமாக ஒன்று சொல்ல வேண்டும்: ஊசி போட்டபின் வரும் அந்த மூன்று மாதமும் தீவிரப் பயிற்சிக்கு ஏற்பாடு இல்லையேல், ஊசிக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் வீண். ஊசியும் பயிற்சியும் சேரும்போதுதான் பயிற்சி மட்டும் தருவதைவிடப் பலன் கூடுகிறது.

கட்டைவிரலை வெளியே நிறுத்தவும் மணிக்கட்டைத் தாங்கவும் அணைகள் உண்டு. ஒரு வேலையைச் செய்ய உதவும் சிறிய அணை நல்லது. பகல் முழுவதும் கையைச் சிறைவைக்கும் பெரிய அணை, பழகும் வாய்ப்பையே பறித்துவிடும். கழற்றியபின் தோலில் சிவப்பு அரைமணி நேரத்துக்கு மேல் மாறாதிருந்தால் திருத்தச் சொல்ல வேண்டும்.

தசை குறுகி நிலைத்துவிட்ட பெரிய பிள்ளைகளுக்கு அறுவை உண்டு. மணிக்கட்டைக் கீழே இழுக்கும் தசைநாண் ஒன்றை எடுத்து மேற்புறம் கொண்டுபோய்த் தைத்துவிட்டால், கீழே இழுத்த அதே தசை இனி மேலே தூக்கும். தசைநாணை இடம் மாற்றும் இக்கலையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டு 1940-களின் இறுதியிலிருந்து தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு இவ்வகை அறுவையைச் செய்து உலகப் புகழ் பெற்றார். அங்கே உத்தரவிடும் மூளை முழுமையாக இருந்தது. மூளை முடக்குவாதத்தில் அதுவே குறை. ஆகவே தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்குப் பலன் உண்டு; அதிசயம் நிகழ்வதில்லை.

அதிசயம் விற்பவர்கள் இருக்கிறார்கள். தண்டு உயிரணுச் சிகிச்சை என்று பல இலட்சம் ரூபாய் கேட்கும் இடங்கள் நம் நகரங்களில் உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறையின்படி, இத்தகைய நோய்களுக்கு அதனைப் பணம் பெற்றுச் செய்வது நெறியன்று. முறைப்படி பதிவு செய்த சோதனையாக மட்டுமே செய்யலாம். ஊரில் கேட்டால் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு, எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக என்பதே விடை. பிறந்த குழந்தையின் மூளையிலிருந்து ஒவ்வொரு கைக்கும் இரு பக்கத்திலிருந்தும் நரம்புப் பாதைகள் வருகின்றன. முதல் ஈராண்டுகளில், அதிகம் பயன்படும் பாதை வலுப்படுகிறது, பயன்படாதது உதிர்கிறது. பயன்படாத கைக்கு இந்தப் போட்டியில் தோல்வி நேர்கிறது. ஆகவே, ஒரு வயது நிரம்பும் முன்பே "என் பிள்ளை எதற்கும் இடக்கையைத்தான் நீட்டுகிறான்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த வலக்கையைச் சற்றுக் கவனியுங்கள். அவ்வளவு சிறு வயதில் கைப்பழக்கம் தோன்றுவது இயல்பன்று. நான்கு மாதத்துக்கு மேலும் ஒரு கை மூடிய முட்டியாகவே இருந்தாலும் காட்டிவிட வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைநகரங்களில் ஆரம்ப இடையீட்டு மையங்கள் ஏற்பட்டிருக்கின்றன; கட்டணமில்லை.

பயிற்சிக்கென்றே நம் நாட்டில் நிறுவனங்கள் தோன்றியது 1972-ல், மிது ஆலூர் அம்மையார் பம்பாயில் தொடங்கிய இந்திய ஸ்பாஸ்டிக் சங்கத்தோடு. பிறகு கல்கத்தா, தில்லி, சென்னை என்று பரவிற்று. சென்னையில் 1985-ல் தோன்றிய வித்யாசாகர் இவ்வழியில் வந்ததே. மிது ஆலூரின் மகள் மாலினி சிப், இதே நிலையுடன் பிறந்தவர். ஒரே ஒரு சிறு விரலால் தட்டச்சு செய்து படித்துப் பட்டங்கள் பெற்றார். தம் வரலாற்றை 2011-ல் நூலாகவும் வெளியிட்டார். நூலின் பெயரே "ஒரு சிறு விரல்" என்னும் பொருளுடையது. அவரது கை இறுக்கம் நீங்கிவிடவில்லை.

இதைச் சொல்லும்போது நம் பல்கலைக்கழகமும் நினைவுக்கு வருகிறது. மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016, உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது. மூளை முடக்குவாதமும் அச்சட்டத்தின் பட்டியலில் உள்ளது. தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்றும், தேவைப்படுவோர் எழுத்தர் வைத்துக்கொள்ளலாம் என்றும் 2018-ல் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. நடைமுறையில், எழுத்தரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு பல நேரங்களில் தேர்வு எழுதும் மாணவர் மேலேயே விழுகிறது. அடுத்த பருவத் தேர்வுக்கு முன் நம் சங்க அலுவலகத்தில், எழுத்தராகப் போக இசைபவர்களின் பட்டியல் ஒன்று வைக்கலாம். தேர்வு எழுதுபவரைவிடக் கல்வித் தகுதியில் கீழ்ப்படியில் இருப்பவராகவும், கையெழுத்துத் தெளிவாக உள்ளவராகவும் இருக்க வேண்டும். ஒரு தேர்வுக்கு நான்கு மணி நேரம் ஆகும்.